மேல் செட்டு மீனம்பாளும் பிரஷர் மாத்திரையும்

ராஜகோட்டைக்கு எத்தனை படி என்று கேட்பவர்களுக்கு மீனம்பாள் ஒரே பதிலைச் சொன்னதே கிடையாது. கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், வெயிலில் பிள்ளையை வாட்டாமல் திரும்பிப் போகட்டும் என்று. பாதி மலையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காலேஜ் பையன்களிடம், "இன்னும் நூறு படிதாம்ப்பா, அதோ மரப்பாலம் தெரிது பாரு" என்பாள். உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மரப்பாலம் அங்கிருந்து தெரியாது. பதினோரு வருஷமாக ஏறுகிற மலையின் படிகளை அவள் ஒரு நாளும் எண்ணியதில்லை. எண்ணிக்கொண்டு ஏறினால் கால் கனக்கும் என்பது அவள் அனுபவம்.

செஞ்சிக் கோட்டையைத் துப்புரவாக வைத்திருக்கிற காண்டிராக்டில் இரண்டு செட்டு ஆட்கள் உண்டு. கீழ் செட்டு கல்யாண மகால், களஞ்சியம், புல்வெளி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மேல் செட்டில் ஆறு பெண்கள். காலை ஆறரைக்குக் கதிர் அரிவாள், கோணிப்பை, தண்ணீர் கேன் சகிதம் ஏற ஆரம்பிப்பார்கள். படி இடுக்குகளில் முளைக்கிற புல்லையும், சுவரைப் பிளக்கக் காத்திருக்கும் அரசஞ்செடியையும் வேரோடு பிடுங்க வேண்டும். வழியெல்லாம் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்க வேண்டும். குரங்குகளோடு சண்டை போட வேண்டும். புல் பறிப்பதில் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு படிக்கு இரண்டு பேர். ஒருத்தி இந்த முனையிலிருந்தும் ஒருத்தி அந்த முனையிலிருந்தும் பறித்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். மீனம்பாளுக்கு ஜோடி செல்லம்மாள். இருவரும் நடுப்படியில் சந்திக்கிறபோதெல்லாம், "வாம்மா சம்பந்தி" என்று செல்லம்மாள் சொல்வாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் இருவரும் சிரிப்பார்கள்.

இரண்டு செட்டுக்கும் கூலி ஒன்றுதான். அதனால் மேல் செட்டுக்குப் போட்டி கிடையாது. பைத்தியக்காரத்தனம் என்றுதான் கீழ் செட்டுப் பெண்கள் நினைத்தார்கள். மீனம்பாளுக்கோ பத்து மணிச் சாப்பாடு ஒன்று போதும். உச்சியில் ரங்கநாதர் கோயில் சுவரின் நிழலில் ஆறு பேரும் டப்பாவைத் திறப்பார்கள். காற்று முந்தானையைப் பிடுங்கும். கீழே பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் கீரைக்கட்டுகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அங்கே ஏதோ ஒரு வேப்பமரத்தடியில் அவள் புருஷன் ஆதிமூலம் இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருப்பான். "மேல டவர் இல்ல" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் செஞ்சியிலேயே நன்றாக டவர் கிடைக்கிற இடம் அதுதான். ஆனாலும் அந்த அரைமணி நேரம் அவள் போன் முந்தானை முடிச்சுக்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டையின் பெயர் சேர்ந்த பிறகு கூட்டம் அதிகமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர் ஒருவர் பாதி மலையில் மயங்கி விழுந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரமே காண்டிராக்டரிடமிருந்து ஒரு ரூல் வந்தது. மேல் செட்டில் ஐம்பது வயது தாண்டியவர்கள் டாக்டர் சீட்டு கொண்டுவர வேண்டும்.

சூப்பர்வைசர் பார்த்திபன் கோட்டை வாசலில் நின்று அதைப் படித்தான். கையில் புதிதாக வாங்கிய பிரஷர் மிஷின் வேறு.

"எனக்கு நாப்பத்தொம்பதுதான் தம்பி" என்றாள் மீனம்பாள்.

"ஆதார்ல அம்பத்தி நாலும்மா."

"அது எழுதுனவன் கண்ணு மங்கலு."

"கைய நீட்டுங்க."

மிஷின் அவள் கையை இறுக்கிப் பிடித்து, யோசித்து, மெல்ல விட்டது. பார்த்திபன் மறுபடியும் ஒரு தடவை கட்டிப் பார்த்தான். இரண்டாவது தடவையும் அதே கதை. நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்று இரண்டு.

"ஆறு வாரம் டைம் தரேம்மா. நூத்தி நாப்பதுக்குக் கீழ வரணும், டாக்டர் சீட்டும் வேணும். இல்லன்னா கீழ் செட்டு. நிழல்ல வேல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்கு நீ எதுக்கு தம்பி டென்ஷன் ஆவுற?" என்று சொல்லிவிட்டு ஏறப் போய்விட்டாள். ஆனால் அன்றைக்குப் பத்து மணிச் சாப்பாட்டை இரண்டு வாயோடு மூடி வைத்துவிட்டாள். செல்லம்மாளுக்கு நூற்று முப்பத்தாறாம். அவளுக்கு எங்கே வேண்டுமானாலும் சீட்டு கிடைக்கும். கீழே புல்வெளியில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தன்னை மீனம்பாள் நினைத்துப் பார்த்தாள். ஆறு வாரம்.

பிரஷர் என்பது அவளுக்குப் புதிய செய்தி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே சுமலதா கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். சுமலதா வீடு வீடாக ஸ்கூட்டியில் வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண். மாதம் தவறாமல் வருவாள். "தினம் ஒண்ணு, காலைல. நல்லா இருக்குதுன்னு விட்டுடக் கூடாதுக்கா" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். முதல் மாதம் மீனம்பாள் ஒழுங்காகத்தான் விழுங்கினாள். பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாத்திரை என்பது வலிக்குத்தானே? வலியே இல்லாத நாளில் விழுங்கினால் அது உள்ளே போய் எதைத் தேடும்? அன்றிலிருந்து தலை வலித்தால் ஒன்று, வலிக்காவிட்டால் இல்லை என்று வைத்துக்கொண்டாள். மிஞ்சிய அட்டைகள் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

"பழைய அட்டைய காட்டுக்கா" என்று சுமலதா கேட்டால், "காலி அட்டைய வெச்சுப் பூஜையா பண்ணுவேன்? நாள் பூரா ஊரான் குப்பைய பொறுக்குறவ, வூட்டுல குப்பை வெச்சிப்பேனா?" என்பாள். சுமலதா சிரித்துக்கொண்டே நோட்டில் டிக் அடித்துவிட்டுப் போவாள்.

ஆகவே இப்போது சுமலதாவிடம் போக வழியில்லை. போனால் டப்பாவின் கதை வெளியே வரும். மீனம்பாள் பஜாரில் காசு கொடுத்துப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனாள். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்கவும் கேட்டார்.

"இல்லீங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு பலரும் அவளைக் கேட்டார்கள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே அல்ல. ஒரு வீட்டு விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, நேற்று பக்கத்து வீட்டில் சாப்பிட்டதைச் சொல்லுவார்களா? அது மரியாதை இல்லை. அதுவும் போக, வீடு தேடி வந்து சும்மா கொடுக்கிற மாத்திரை மாத்திரைக் கணக்கிலேயே சேராது என்று அவள் மனதில் ஒரு எண்ணம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை பளபளவென்ற வெள்ளி அட்டையில் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனாலும் ஆறு வாரம்தானே இருக்கிறது? வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். காலையில் சுமலதா மாத்திரை, ராத்திரி பஜார் மாத்திரை என்று முடிவு செய்தாள். இந்த முனையிலிருந்து ஒருத்தி, அந்த முனையிலிருந்து ஒருத்தி. பிரஷர் நடுவில் மாட்டிக்கொண்டு சாகட்டும்.

பத்தே நாளில் பார்த்திபனின் மிஷின் நூற்று இருபத்தாறு என்றது.

"பரவால்லியேம்மா!" என்றான் அவன், நிஜமான சந்தோஷத்தோடு.

மீனம்பாள் அன்று மரப்பாலத்தைத் தாண்டுகிறபோது பாடிக்கொண்டே போனாள். சீட்டுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. நாளைக்கே வாங்கிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தாள். வார் இருந்த இடத்தில் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தது. கணுக்கால் எலும்பு இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு காலும் புதுப் பானை மாதிரி மொழுமொழுவென்று இருந்தன. கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மெதுவாக, மனசில்லாமல் மேலே வந்தது.

காலையில் எழுந்தால் கொஞ்சம் வற்றியிருக்கும். சாயங்காலம் மறுபடியும் பானை. நாலு நாள் புடவையை இறக்கிக் கட்டிச் சமாளித்தாள். ஐந்தாவது நாள், நடுப்படியில் சந்திக்கிற நேரத்தில் செல்லம்மாள் பார்த்துவிட்டாள். 'வாம்மா சம்பந்தி' என்று சொல்லவில்லை. சட்டென்று குனிந்து தன் விரலாலும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"ஏண்டி, மாவுல அழுத்துனாப்பல குழி வுழுது?"

"நடந்த காலு. வீங்காம இன்னா பண்ணும்?"

"நானுந்தான் நடக்கறேன்." செல்லம்மாள் குரலை இறக்கினாள். "தொண்டூர்ல எங்க மாமனுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சிது. மொதல்ல செருப்பு பத்தல. அப்புறம்..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. யானைக்கால் என்ற வார்த்தையை அந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்காக ஊர் முழுக்கக் கொடுத்த மாத்திரையும் தன் பிஸ்கட் டப்பாவின் அடியில் கிடக்கிறது என்பது மீனம்பாளுக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்றைக்கே விழுங்கியிருக்கலாம். அன்றைக்கு வலி இல்லையே!

அன்று ராத்திரி முதல் அவள் பிரஷர் மாத்திரைகள் இரண்டையும் நிறுத்தினாள். காரணம் என்னவென்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். ஒரு வாரத்தில் கணுக்கால் எலும்பு பழையபடி எட்டிப் பார்த்தது. ஆகா, யானைக்கால் இல்லை, மாத்திரைதான் என்று அவள் துள்ளிக் குதிக்கவேண்டிய நேரத்தில் கமலக்கண்ணி அம்மன் கோயில் திருப்பத்தில் தலை கிண்ணென்று பிடித்துக்கொண்டது. இறங்கி வந்ததும் பார்த்திபனிடம் கையை நீட்டினாள். நூற்று அறுபத்தாறு.

மறுபடியும் இரண்டு மாத்திரை. மறுபடியும் பானைக் கால். போட்டால் கால் வீங்குகிறது; விட்டால் பிரஷர் ஏறுகிறது. மிஷினிடம் காட்ட ஒரு மீனம்பாளும், டாக்டரிடம் காட்ட இன்னொரு மீனம்பாளும் தேவைப்பட்டார்கள். கெடுவில் மிச்சம் இருந்தது ஒரு வாரம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மெட்டி விரலை வெட்ட ஆரம்பித்தது. இடது கால் மெட்டி. சோப்பு போட்டுப் பார்த்தாள், வரவில்லை. ஆதிமூலம் இஸ்திரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, தேங்காய் எண்ணெயும் தையல் நூலும் எடுத்துக்கொண்டு வாசல்படியில் அவள் காலை மடியில் வைத்துக்கொண்டான். நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மெட்டி கூடவே நகர்ந்து வந்துவிடும். வழி தெரிந்தவன்தான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மே, நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கறேன். மெட்டிய கழட்டறேன்றியே."

"நீ இருக்கறது ஊருக்கே தெரியும்யா. வெரலு இருக்க வேணாமா?"

"பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"என் கால பாக்குறவன உள்ள தள்ளு. நூல இழு."

கேட்டில் ஸ்கூட்டி வந்து நின்றது. மீனம்பாள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆதிமூலம் விடவில்லை, நூல் பாதியில் இருந்தது.

"இன்னாக்கா, மாமா பாதபூஜ பண்றாரா?" என்று சிரித்துக்கொண்டே வந்த சுமலதா, காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி, எடுத்து, குழி மேலே வருகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மூணு நாளா."

"மூணு வாரம்" என்றான் ஆதிமூலம், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூச்சு வாங்குதா? ராத்திரில படுத்தா திணறுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நான் குடுத்த மாத்திரைய தவிர வேற இன்னா போடறக்கா?"

"நீ குடுக்கறதுதான்."

"அது மட்டுமா?" என்று எழுந்தான் ஆதிமூலம். மெட்டி கையில் வந்திருந்தது. உள்ளே போய் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து சுமலதாவின் முன்னால் வைத்தான். "இந்தா பாரும்மா. இவ கஜானா."

மூடியைத் திறந்ததும் அட்டைகள் பொங்கிக்கொண்டு வெளியே வந்தன. இரண்டு வருஷத்து அட்டைகள். பிரிக்காதவை, ஒன்றிரண்டு குறைந்தவை, ஓரம் கசங்கியவை. எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று வெள்ளி அட்டை. சுமலதா டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். மீனம்பாள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கதையும் தானாகவே வெளியே வந்தது. தலைவலி வந்தால் மட்டும் போட்டது, பார்த்திபன் மிஷின், ஆறு வாரம், பஜார் டாக்டர், இந்த முனை, அந்த முனை.

"ரெண்டு வருஷமா நோட்டுல 'சாப்பிடறாங்க'ன்னு டிக் போட்டுகினு இருக்கறேங்க்கா" என்றாள் சுமலதா கடைசியில். கோபமாகச் சொல்லியிருந்தால் மீனம்பாள் சமாளித்திருப்பாள். இது கோபம் இல்லை. "நான்கூட நெனச்சேன், மீனாக்காவுக்கு மாத்திரை ஏன் கேக்கலன்னு. டோஸ் ஏத்தச் சொல்லி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு எழுதிக்கூட வெச்சேன்."

"தப்புதான் சுமா."

சுமலதா இரண்டு அட்டைகளைத் திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இங்க வா. படி. பெரிய எழுத்துல இருக்கறது கம்பெனி வெச்ச பேரு, அது வேற வேற. கீழ சின்ன எழுத்த பாரு."

மீனம்பாள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, இங்கிலீஷில் இருந்ததைப் படித்தாள். அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம். அடுத்த அட்டையிலும் விரலை ஓட்டினாள். அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம்.

"ரெண்டும் ஒண்ணேவா?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு போடவேண்டிய எடத்துல ரெண்டு போட்டுகினு இருந்திருக்கற. அதிகமா போனா இந்த மாத்திரைக்குக் கால் வீங்கும். சில பேருக்கு ஒண்ணுக்கே வீங்கும்."

மீனம்பாள் இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு முனைலேந்தும் ஒருத்தியே புல்லு புடுங்கிகினு வந்தாளா?"

முதலில் சிரித்தது ஆதிமூலம்தான். பிறகு சுமலதாவுக்கும் தாங்கவில்லை.

திங்கட்கிழமை சுமலதாவே அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டப்பாவும் கூடவே போனது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரர்தான். காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ரத்தம், மூத்திரம், ஈசிஜி எல்லாம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட்டுகள் வரும் வரை மீனம்பாள் பெஞ்சில் உட்கார்ந்து கமலக்கண்ணி அம்மனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. கிட்னி, இதயம் இரண்டும் மலையேறுகிற பெண்ணின் கிட்னியும் இதயமும்தான்.

"யானைக்கால் இல்லியே டாக்டரம்மா?" வாய்விட்டுக் கேட்டே விட்டாள்.

"இல்லம்மா. ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்குது, மாத்திரைய விட்டா வத்துது. இது மாத்திரை வீக்கம்."

"பிரஷருக்குப் போட்டா காலு ஏன் வீங்கணும்?"

டாக்டரம்மா வரிசையைப் பார்த்தார். வரிசை நீளமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். ரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து அதற்குள் போகப் போக அது இறுகும். இறுகினால் உள்ளே ஓடுகிற ரத்தத்துக்கு அழுத்தம் ஏறும்.

"ஓ" என்றாள் மீனம்பாள். "கோட்டைல கொத்தனாருங்க சுண்ணாம்பு அரைச்சுப் பூசறாங்களே. அது இறுகுனா ஆணிகூட எறங்காது."

"அதேதான். சுண்ணாம்பு உள்ள போற வாசல்ல இந்த மாத்திரை போய் நின்னு, கொஞ்சம் மறிக்கும். டிக்கெட் இல்லாதவங்கள உங்க கோட்டை வாசல்ல நிறுத்தறாங்கல்ல, அந்த மாதிரி. சுவர் தளரும், பிரஷர் எறங்கும். அளவுக்கு மேல தளந்தா தண்ணி கசிஞ்சு கால்ல எறங்கும்."

கசிவு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் களஞ்சியத்துச் சுவர் அடியில் பாசி பிடிப்பதை வருஷா வருஷம் சுரண்டுகிறவள்.

"அப்ப வெத்தலைக்குச் சுண்ணாம்பு?"

"அது வேற, இது வேற. அதால ஒண்ணும் ஆவாது. ஆனா பொகையிலய விட்டுடணும்."

"பொகையிலயே போடறதில்லீங்க" என்றாள். டாக்டரம்மா அவள் பல்லைப் பார்த்தார். "விட்டுடறேன்" என்றாள்.

பஜார் மாத்திரை நிறுத்தப்பட்டது. சுமலதா மாத்திரை மட்டும், தினமும் ஒன்று. தானாக நிறுத்தக் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது. மூன்று வாரம் கழித்து வர வேண்டும். அதன் பிறகு பார்க்கலாம் சீட்டைப் பற்றி.

"டாக்டரம்மா, வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும். இல்லன்னா கீழ் செட்டுல போட்டுடுவாங்க."

"மூணு வாரம் கீழ் செட்டுல இருங்க. அந்த ஒரு மாத்திரைல பிரஷர் எங்க நிக்குதுன்னு பாக்காம நான் எப்பிடி எழுதறது?"

கெஞ்சிப் பார்த்தாள். டாக்டரம்மா அதற்குள் அடுத்த ஆளின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் மீனம்பாள் கீழ் செட்டுக்கு வந்தாள். பார்த்திபன் அவளுக்கு நிழலாகப் பார்த்து வேலை கொடுத்தான். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து போட்டான். அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ் செட்டுப் பெண்கள் நல்லவர்கள். டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். புல்வெளிக்குத் தண்ணீர் விடுவது ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் ஆறரைக்கு ஐந்து பேர் மலைக்குக் கிளம்புவார்கள். எட்டரை வாக்கில் அம்மன் கோயில் திருப்பத்திலிருந்து ஒரு கோணிப்பை ஆடும். செல்லம்மாள்தான். இவள் கீழேயிருந்து தண்ணீர்க் குழாயை உயர்த்திக் காட்டுவாள். ஐந்து பேர் என்றால் ஜோடி சேராது. செல்லம்மாள் ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை தனியாகவே பறித்துக்கொண்டு போனாள்.

"நடுவுல யாரும் வரமாட்றாங்கடி" என்று சாயங்காலம் வந்து சொன்னாள். "என்னையே நான் சம்பந்தின்னு கூப்புட்டுக்கறேன்."

அந்த நாட்களில்தான் படி எத்தனை என்று கேட்ட ஒருவரிடம் மீனம்பாள் முதன்முதலாக, "தெரியாதுங்க" என்று சொன்னாள்.

வீட்டில் ஆதிமூலம் ஒரு சட்டம் போட்டிருந்தான். காலையில் அவள் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் அவன் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி பற்ற வைப்பான். "கரி பத்தலன்னா ஊரே கசங்கின சட்டையோட போவும். அந்தப் பாவம் உனக்குத்தான்" என்றான். முதல் இரண்டு நாள் அவனைத் திட்டிக்கொண்டே விழுங்கினாள். பிறகு அவன் தீப்பெட்டியை எடுத்தாலே அவள் கை டப்பாவுக்குப் போனது. பழைய அட்டைகளையும் பஜார் மாத்திரையையும் சுமலதா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது டப்பாவில் ஒரே ஒரு அட்டையும், காகிதத்தில் மடித்து வைத்த மெட்டியும்தான் இருந்தன. காலி அட்டைகளை மீனம்பாள் எறியாமல் வைத்திருந்தாள். சுமலதா வந்ததும் கேட்காமலேயே எடுத்து நீட்டினாள். சுமலதா அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துவிட்டு, நோட்டில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள்.

கால் மெல்ல மெல்ல வற்றியது. ஒரு வாரத்தில் எலும்பு தெரிந்தது. இரண்டாவது வாரம் செருப்பு வாரின் கோடு போனது. ராத்திரி மட்டும் லேசாக ஒரு கனம். தலை கிண்ணென்று பிடிக்கவும் இல்லை. மூன்றாவது வாரத்துக் கடைசியில் டாக்டரம்மா பட்டையைக் கட்டி, அவிழ்த்து, ஐந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடியும் கட்டினார்.

"நூத்தி முப்பத்திரண்டு, எம்பத்திரண்டு."

மீனம்பாள் சுமலதாவைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த அதே ஒரு மாத்திரை.

சீட்டில் டாக்டரம்மா எழுதியதை மறுநாள் காலை பார்த்திபன் வாசலில் நின்று சத்தமாகப் படித்தான். "மலை ஏறலாம். மூணு இடத்துல அஞ்சு அஞ்சு நிமிஷம் உக்காந்து ஏறணும். மாசம் ஒரு தடவ பிரஷர் பாக்கணும்." நிமிர்ந்தான். "மூணு எடத்துல உக்காரணுமாமே?"

"டாக்டரம்மா ஆர்டர். நான் இன்னா தம்பி பண்ணட்டும்?"

"அந்த சேர வேணா மேல தூக்கிட்டுப் போறீங்களா?"

"நீ தூக்கிகினு வா, உக்கார்றேன்."

மேல் செட்டு சிரித்துக்கொண்டே கிளம்பியது. இடது காலில் மெட்டி இருந்தது. விடிகாலையில், கரி பற்ற வைப்பதற்கு முன்னால், ஆதிமூலம்தான் போட்டுவிட்டான்; எண்ணெய் இல்லாமலே சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துகொண்டது.

பதினோரு வருஷத்தில் அவள் வழியில் உட்கார்ந்ததே இல்லை. இப்போது உட்கார்ந்தாள். முதலில் அடிவாரம் தாண்டிய புளியமரத்தடி. பிறகு அம்மன் கோயில். மூன்றாவது, மரப்பாலத்துக்கு இந்தப்பக்கம். "கலெக்டரம்மா ரெஸ்ட் எடுக்கறாங்க, வழி வுடுங்க" என்று செல்லம்மாள் வருகிறவர் போகிறவரையெல்லாம் விரட்டினாள். உட்கார்ந்திருக்கும்போதும் மீனம்பாளின் கை சும்மா இருக்கவில்லை. எட்டுகிற தூரத்துப் புல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். மூன்று வாரத்துப் புல். செல்லம்மாள் தனியாகப் பறித்த படிகளில் அந்த முனையெல்லாம் கொஞ்சம் அரைகுறையாகத்தான் இருந்தது. சொல்லிக் காட்டினாள். செல்லம்மாள் அரிவாளைக் காட்டினாள்.

பத்து மணிக்கு உச்சியில் டப்பாக்கள் திறந்தன. காற்று வழக்கம்போல முந்தானையைப் பிடுங்கியது. கீழே கீரைக்கட்டுகளிலிருந்து ஒரு பஸ் மட்டும் பிரிந்து திருவண்ணாமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. மீனம்பாள் ஒரு வாய் வைத்திருப்பாள், முந்தானை முடிச்சுக்குள் போன் அடித்தது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அடித்தது.

"எடேன்டி, பாவம்" என்றாள் செல்லம்மாள்.

எடுத்தாள்.

"ஏம்மே, ஏறிட்டியா? காலு எப்பிடி இருக்குது?" ஆதிமூலத்தின் பின்னால் பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

மீனம்பாள் காலை நீட்டிப்போட்டாள். கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டை விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தாள். குழியே விழவில்லை.

"கேக்குதா? காலு எப்பிடி இருக்குதுன்னேன்."

"நல்லா இருக்குதுய்யா" என்றாள். பிறகு, "மேல டவர் இல்ல, வெச்சிடறேன்" என்று சொல்லி போனை முடிச்சுக்குள் போட்டுக்கொண்டு சாப்பாட்டில் கை வைத்தாள்.